யூஜின் கடைசியாகச் சொன்னது

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? இந்த ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கு அந்தச் சாமர்த்தியம்கூட இல்லை. உயிர் போகும்போது யூஜின் என்ன சொன்னார் என்று அவர் மனைவி பவுலின் கேட்டதற்கு, ஆளுக்கொரு கதையைச் சொல்லி வைத்தார்கள்.

முதலில் சொன்னவர் குழுவை நடத்துகிற ரெமிஜியஸ். அக்கார்டியன் வாசிப்பவர், நரைத்த தலை, பெரிய மனிதர். அடக்கம் முடிந்து பெங்களூர் ஈஜிபுரா வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "உன் பேரத்தான்ம்மா சொன்னான். பவுலின்னு ஒரு வாட்டி. அவ்ளோதான், தல சாஞ்சிடுச்சி" என்றார். பவுலின் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அன்றைக்கு அழுதாள். ஏழாம் நாள் கிட்டார் வாசிக்கிற நீல் வந்தான். "மாதாவே மாதாவேன்னாரு அண்ணி. வேற ஒண்ணும் சொல்லல" என்றான். அடுத்த வாரம் வேன் ஓட்டுகிற எத்திராஜ், யூஜினின் தோள்பையைக் கொடுக்க வந்தவன், சும்மா போயிருக்கலாம். "தண்ணி கேட்டாரும்மா. குட்த்தோம். குடிச்சிட்டு நல்லா சிரிச்சாரு" என்று அவன் பங்குக்கு ஒன்றை அவிழ்த்துவிட்டுப் போனான்.

பவுலினா விடுவாள்? பொம்மசந்திராவில் கார்மென்ட்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நாள் முழுக்க அடுத்தவர் தையலில் பிசகு தேடுகிறவள். வாயும் லேசுப்பட்ட வாய் இல்லை. தண்ணீர் லாரிக்காரன் அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே, "அந்தம்மா வேலைக்குப் போயாச்சா?" என்று விசாரித்துவிட்டுத்தான் நுழைவான். அப்படிப்பட்டவளிடம் போய் மூன்று கதை!

நடந்தது என்று ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஹாசனில் ஒரு கல்யாண ரிசப்ஷன். முதல் நாள் சாயங்காலம் வாசித்துவிட்டு அங்கேயே படுத்து, காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். மத்தியானம் வேன் பெங்களூர் வந்தபோது யூஜின் உயிரோடு இல்லை; நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, மாரடைப்பு, உயிர் போய் நேரமாகிவிட்டது என்றார். நாற்பத்தைந்து வயது. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தவரில்லை. எதிர்வீட்டு போனில் செய்தி வந்தபோது பவுலின் அவருக்காக மீன் வறுத்துக்கொண்டிருந்தாள்.

உயிர் போய் நேரமாகிவிட்டது என்றால், பெயர் சொல்லித் தலை சாய்ந்தவரை வழியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஏன் காட்டவில்லை? தண்ணீர் குடித்துச் சிரித்தவர் எப்போது செத்தார்? இவர்கள் எதையோ மறைக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். பவுலினுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. வலியில் துடித்தாரா, யாரையாவது கூப்பிட்டாரா, கூப்பிட்டும் யாரும் வரவில்லையா? அது தெரியாமல் அவளால் ஒரு 'அருள் நிறைந்த மரியே'கூட முழுசாகச் சொல்லி முடிக்க முடியவில்லை.

இதில் ஜோவிதா வேறு. குழுவில் பாடுகிற பெண், கல்யாணம் ஆகாதவள். கல்லறையில் அவள் அழுத அழுகையில் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்கப்புறம் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. "பொண்டாட்டிக்கு மேல அழுதாளே, கவனிச்சியா?" என்று தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி ஆரம்பித்து வைத்தாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வாயை மூட வைக்கத் தெரிந்த பவுலினே அன்று பதில் சொல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். செத்த மனிதரைச் சந்தேகப்படுகிறோமே என்று அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

முப்பதாம் நாள் வந்தது. கோயிலில் பூசை முடிந்ததும், பின்னால் இருக்கிற ஹாலில் யூஜின் நினைவாகக் கச்சேரி என்று ரெமிஜியஸ் ஏற்பாடு செய்திருந்தார். ஊர் ஊராய்ச் சுற்றுகிற குழு, அன்றைக்கு எங்கேயும் ஒத்துக்கொள்ளாமல் மொத்தமாக வந்திருந்தது. மேடையில் யூஜினின் டிரம் செட்டை அப்படியே பூட்டி, அவர் உட்கார்கிற ஸ்டூலில் ஒரு மாலை போட்டு வைத்திருந்தார்கள். வேறு டிரம்மர் கூப்பிடவில்லை. "இன்னிக்கி அவன் சீட்டுல எவனும் உக்கார மாட்டான்" என்று ரெமிஜியஸ் மைக்கில் சொன்னபோது ஹாலில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். பேச்சென்னவோ நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஏனென்றால் அந்தக் குழுவில் யாரும் எண்ணிப் பழகியவர்கள் இல்லை. முன்னிசை முடிகிற இடத்தில் யூஜின் ஒரு உருட்டு உருட்டுவார். பெரிய டிரம்மில் ஆரம்பித்துச் சின்னதில் முடியும். அது முடிகிற இடத்தில் ஜோவிதா வாயைத் திறப்பாள். எட்டு வருஷமாக அவள் எடுப்பு அதுதான். நீலுக்கும் அதுதான், ரெமிஜியஸுக்கும் அதுதான்.

முதலில் மாதா பாட்டு. அக்கார்டியன் இழைந்தது, கிட்டார் சேர்ந்தது, முன்னிசை முடிந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். உருட்டு வரவில்லை. அக்கார்டியன் தயங்கி நின்றது, கிட்டார் நின்றது. ஜோவிதா மைக்கைப் பிடித்தபடி வழக்கம்போலப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். மாலை போட்ட ஸ்டூல் இருந்தது. ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அத்தனை பேரும், இத்தனை வருஷம் மேடையில் தின்று கொட்டை போட்டவர்கள், செத்த மனிதரின் கைக்காக அப்படியே காத்துக்கொண்டு நின்றார்கள். ஜோவிதாவின் முகம் கோணிக்கொண்டு போயிற்று. மைக்கைத் தாங்கியில் செருகிவிட்டுத் திரைக்குப் பின்னால் ஓடினாள்.

முன்வரிசையில் இருந்த பவுலின் எழுந்தாள். "இரு பவுலின், உக்காரு" என்று பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்தாள். பவுலின் கையை உதறிவிட்டுப் போனாள்.

திரைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. கிறிஸ்துமஸ் குடிலுக்கான ஒட்டகமும் ஆடுகளும் மூலையில் தூசி படிந்து கிடந்தன. ஒரு ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து ஜோவிதா அழுதுகொண்டிருந்தாள்.

"ஜோவிதா, நேரா கேக்கறேன், நேரா சொல்லு" என்றாள் பவுலின். "உனக்கும் அவருக்கும் ஏதாவது இருந்திச்சா?"

ஜோவிதா அடிபட்டவளாக நிமிர்ந்தாள். "அய்யோ, இன்னாக்கா கேக்கறீங்க! அண்ணன்க்கா அவரு எனக்கு. எங்கப்பா போனப்போ கூட நின்னவருக்கா."

அந்த முகத்தைப் பார்த்ததும் பவுலினுக்குப் புரிந்துவிட்டது, அது இல்லை என்று. வந்த நிம்மதி ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"அப்ப என் மூஞ்சில ஏன் முழிக்க மாட்டேங்கற? அவரு போறப்போ பக்கத்துல யாரு?"

"நான்தான்."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலக்கா. அவரு எழுந்துக்கவே இல்ல."

வாசலில் ரெமிஜியஸ் வந்து நின்றார். "ஜோவிதா, பேசாம இரு" என்றார்.

"நீங்க பேசாம இருங்கண்ணே" என்றாள் பவுலின். "உங்க கதையெல்லாம் கேட்டாச்சு. நீ சொல்லும்மா."

ஜோவிதா மூக்கைச் சிந்தினாள். ஹாசனிலேயே தோள் வலிக்கிறது என்று சொன்னாராம். டிரம்மருக்குத் தோள் வலிக்காமல் யாருக்கு வலிக்கும் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. வேன் கிளம்பியதும் ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். வழியில் குனிகல்லில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார்கள்.

"எல்லாரும் இறங்கினோம். அவருக்கு ஒரு கிளாஸ் எடுத்துனு ஜன்னலாண்ட போனேன். மூஞ்செல்லாம் வேர்வையா இருந்திச்சி. தட்டி எழுப்பலாம்னு கைய வச்சேன். ரெமிஜியஸ் அண்ணன் வேணாம்னாரு. டீ ஆறிப்போற வரைக்கும் அப்படியே நின்னேன்க்கா. அப்புறம் கீழ ஊத்திட்டேன்."

"ஏன்? டீ குடிக்க ஒரு மனுசன எழுப்பக் கூடாதா? எந்த ஊரு நியாயம் இது?"

ஜோவிதா வாசலில் நின்ற ரெமிஜியஸைப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல? ஏன் எழுப்பல?"

"எங்க வண்டில டிரம்மர எழுப்பக் கூடாதுக்கா. வீட்டு வாசல் வர்ற வரைக்கும் தொடக் கூடாது. அது சட்டம்." வாய் தவறி மீதியும் வந்துவிட்டது. "பவுலின் சட்டம்."

ரெமிஜியஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

பவுலினுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. மூன்று வருஷம் இருக்கும். ஷிமோகாவிலிருந்து வருகிற வழியெல்லாம் இவர்கள் யூஜினைத் தூங்கவிடாமல் உட்காரவைத்துச் சீட்டாடியிருக்கிறார்கள். வந்து இறங்கியவர் தூக்கக் கலக்கத்தோடு தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும்போது, கோரமங்கலாவில் விளக்குக் கம்பத்தில் மோதி மோவாய் கிழிந்து ரத்தமாக வந்து நின்றார். மறுநாள் இவர்கள் ஒத்திகை பார்க்கிற இடத்துக்கே போய்ப் பவுலின் ஒரு ஆட்டம் ஆடினாள். 'இனிமே வண்டியில அவரு கண்ண மூடினா, வீட்டு வாசல் வர்ற வரைக்கும் எவனும் தொடக் கூடாது. தொட்டீங்க, டிரம்முத் தோல பிளேடு போட்டுக் கிழிச்சிடுவேன்!' அவள் கத்திவிட்டு வந்தாள், மறந்தும் போனாள். அவள் நாளைக்கு நாலு பேரிடம் கத்துகிறவள். எதையெதை என்று ஞாபகம் வைத்திருப்பாள்? வண்டிக்காரர்கள் மறக்கவில்லை. சிரித்துப் பெயர் வைத்து, அந்தப் பெயராலேயே அதைக் காப்பாற்றியும் வந்திருக்கிறார்கள்.

அவர்கள் மறைத்த பூசணிக்காய் இதுதான். தங்களைக் காப்பாற்றிக்கொள்ள இல்லை, அவளைக் காப்பாற்ற. பெரிய மனிதரும் சின்னப் பையனும் டிரைவரும், தெரிந்த பொய்யை ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து அவள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பவுலினுக்குத் துக்கம் கோபமாக வெளியே வந்தது. அவளுக்கு எல்லாமே அப்படித்தான் வரும்.

"நான் சொன்னது எதையாவது கேட்டிருக்கீங்களா நீங்க?" என்று ரெமிஜியஸின் சட்டையைப் பிடித்தாள். "அந்த சிகரெட்ட பிடுங்கிப் போடுங்கன்னேன், கேட்டீங்களா? கண்ட நேரத்துல பிரியாணி வாங்கிக் குடுக்காதீங்கன்னேன், கேட்டீங்களா? ஒரு கிறிஸ்மஸாவது என் புருசன வீட்டுல விடுங்கன்னு கெஞ்சினேன், கேட்டீங்களா? இத்தன வருசத்துல ஆயிரம் சொல்லியிருப்பேன். இந்த ஒண்ண மட்டும் ஏன்யா கேட்டுத் தொலைச்சீங்க?"

அவர் நெஞ்சில் குத்தினாள். அவர் நகரவில்லை, கையைத் தடுக்கவும் இல்லை.

"உன் வாய்க்கு பயம்மா எங்களுக்கு" என்றார் ரெமிஜியஸ். கிண்டலாகச் சொல்லவில்லை. கண்ணீர் வழிய, கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னார்.

பவுலினின் கை தானாகக் கீழே இறங்கிற்று. மேடைக்கு முன்னால் ஜனம் சலசலக்கிற சத்தம் கேட்டது.

அவள் நின்ற நிலையைப் பார்க்கச் சகிக்காமல் ஜோவிதா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவரு கஷ்டப்படலக்கா. மாதா சத்தியமா. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். தூக்கம்னா அப்படியொரு தூக்கம். குனிகல் தாண்டினதும் கொறட்ட விட்டாரு பாருங்க, வண்டியே அதிருச்சி. இழுத்து இழுத்து, விட்டு விட்டு. எல்லாரும் சிரிச்சோம். கொறட்டையிலயும் தாளம் பிடிக்கறாரு பாருன்னு நீல் சொன்னான். பெங்களூர் எல்லையில, நெலமங்கலா கிட்ட வந்தப்போ அடங்கிடிச்சி. அவ்ளோ அசந்து தூங்கினவருக்கு இன்னாக்கா வலி தெரிஞ்சிருக்கும்?"

பவுலின் அவளையே பார்த்தாள்.

பதினெட்டு வருஷம் அந்த மனிதரின் பக்கத்தில் படுத்தவள் அவள். யூஜின் குறட்டை விடமாட்டார். சளி பிடித்தபோதும் விட்டதில்லை, குடித்துவிட்டு வந்த அன்றைக்கும் விட்டதில்லை. சத்தமே இல்லாமல் தூங்குவார். கல்யாணமான புதிதில் பயந்துபோய் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்திருக்கிறாள். வண்டியில் கேட்டது குறட்டை இல்லை. உயிர் போராடிய சத்தம். உதவி கேட்கிற சத்தம், நெலமங்கலா வரைக்கும். வண்டியில் இருந்த யாருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. தெரியக்கூடிய ஒரே ஒருத்தி ஈஜிபுராவில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஜோவிதா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ரெமிஜியஸும் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு மாதமாக அவர்கள் சோறு தின்றது அந்தக் குறட்டையின் தைரியத்தில்தான் என்று பவுலினுக்குத் தெரிந்தது. நிம்மதியாகத் தூங்கினார், நிம்மதியாகப் போனார். அதை எடுத்துவிட்டால் இந்தப் பெண் இனி எந்த மேடையில் வாயைத் திறப்பாள்? சிரித்தோமே என்று நீல் எங்கே போய் முட்டிக்கொள்வான்?

வார்த்தை பல் வரைக்கும் வந்துவிட்டது. பல் வரைக்கும் வந்த வார்த்தையைப் பவுலின் பிறந்ததிலிருந்து விழுங்கியதில்லை.

முந்தானையை எடுத்து ஜோவிதாவின் முகத்தைத் துடைத்தாள்.

"ஆமா" என்றாள். "அசதியா இருந்தா அப்படித்தான் விடுவாரு. எத்தினி நாளு நான் தலகாணியத் தூக்கிட்டு வெளிய வந்து படுத்திருக்கேன் தெரியுமா?"

ரெமிஜியஸ் பெரிதாக மூச்சை விட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். "எனக்குத் தெரியும்மா" என்றார். "அவன் நல்லா தூங்கினான்."

"நல்லா தூங்கினாருண்ணே" என்றாள் பவுலின்.