கோபக்காரரிடம் விசாரித்த சம்பந்தம்

தாரகா ஓர் அமெரிக்கப் பெடியனைக் கட்டப்போறன் என்று சொன்னபோது தாய் சந்திரவதனா நிறத்தையும் கேட்கவில்லை, சமயத்தையும் கேட்கவில்லை. "எந்த ஊர்?" என்றுதான் கேட்டா.

"நெப்ராஸ்காவில டன்வெல் கவுண்டி எண்ட மாவட்டம், அம்மா. மோஸ்பி எண்ட ஊர். கெஸ்லர் குடும்பம். சோளம் விதைக்கிற ஆக்கள்."

ஊர்பேர் தெரியாத இடத்தில் பிள்ளையைக் குடுக்கிறதோ? செவ்வாய் கிரகத்து மாப்பிள்ளை என்றாலும் சந்திரவதனா ரெண்டு பேரிடம் விசாரித்திருப்பா. ஆனால் தாங்கள் இருந்த ரெய்னர்ஸ் லேன் தமிழ்ச்சனம் முழுக்கக் கேட்டும் அந்தக் கவுண்டிக்காரர் ஒருத்தரும் அகப்படவில்லை. தாயின் சம்மதமில்லாமல் கலியாணப் பதிவு எழுத்து வைக்கமாட்டன் என்று சொல்லிப்போட்டு, தாரகா முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். பழியெல்லாம் தாயின் தலையில்.

2009 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், சந்திரவதனா ரெலிபோன் கார்ட்டின் நம்பரைச் சுரண்டி அந்தக் கவுண்டியின் நூலகத்துக்கே அடித்தா. டொலறஸ் என்றொரு மனிசி எடுத்தா. சுப்பர்மார்க்கெட்டில் பதினைஞ்சு வருசம் பேசின இங்கிலீஷ் கைகொடுத்தது.

டொலறசுக்கும் கதைக்க ஆள் தேவைப்பட்டிருக்கும். கவுண்டியின் கோடு, அதுதான் நீதிமன்றம், முதலில் ஹால்டன் ஊரில்தான் இருந்ததாம். 1887இல் ஒரு ஞாயிறு, ஹால்டன் சனம் சேர்ச்சில் இருந்த நேரம் பார்த்து, மோஸ்பிக்காரர் வண்டி கட்டிவந்து கோட்டுப் பத்திரங்களை ஒன்றுவிடாமல் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். அன்றிலிருந்து மோஸ்பிதான் தலையூர். இண்டைக்கும் ஹால்டன்காரர் மோஸ்பியில் தலைமயிர்கூட வெட்டமாட்டினமாம். சந்திரவதனாவுக்கு மனம் குளிர்ந்துபோச்சு. தன்ர ஊர்க் கோயிலில் தேர்வடத்தை ஆர் முதலில் பிடிக்கிறதென்று வழக்காடின சனத்துக்கு இது தெரியாத கதையா?

"நீங்கள் எந்த ஊர்?"

"ஹால்டன்."

"மோஸ்பிக் கெஸ்லர் ஆக்களோட கதைபேச்சு உண்டோ?"

"அந்தக் கள்ளரோடயோ? வண்டி ஓட்டினதே அவையின்ர பூட்டன்தான்."

நல்லதாய்ப் போச்சு. ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் முடிக்கிறது சொந்தக்காரர். உண்மை வேணுமெண்டால் கதைபேச்சில்லாத கோபக்காரரிட்டத்தான் கேட்கவேணும். சந்திரவதனா மகளின் விசயத்தைச் சொல்லி, "ஒளிக்காமல் சொல்லுங்கோ. எப்பிடிப்பட்ட ஆக்கள்?" என்று கேட்டா.



"என்ர மனிசன் செத்தது அறுவடை நேரம்," என்றா டொலறஸ். "சோளம் அப்பிடியே வயலில நிண்டது. மூண்டாம் நாள் அந்தப் பெடியன்ர தகப்பன் எட்டு மெசினோட வந்து முழுக்க அறுத்துத் தந்தான். கோப்பி குடிக்கக்கூட உள்ள வரேல்லை. நானும் கூப்பிடேல்லை."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், தாரகா சண்டைக்கு ஆயத்தமாகக் கதவடியில் நிற்கிறாள்.

"என்னவாம்?"

"கள்ளராம். நூற்றிருபது வருசமாய்க் கள்ளராம்." சந்திரவதனா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரிலிருந்த கலண்டரைக் கழற்றினா. "தை பிறக்க எழுத்தை வைப்பம். முதல் கலியாணக் கார்ட் டொலறசுக்கு."