ஊற்றுத் தொட்டியில் எண்ணெய்

முந்தின நாள் விடியலில், ரயிலடிக்குப் பின்னாலிருந்த மலைக்கு மேலே, நகக்கீற்றுப் போலத் தேய்ந்த பிறையை மூக்கம்மாள் பார்த்திருந்தாள். ஆவணியில் கொழும்பில் கப்பலேறியதிலிருந்து நிலவை வைத்தே அவள் மாதத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்படியானால் இன்று தீபாவளி. சிலமலையில் அவள் மகள் செல்லக்கிளிக்குத் தலைத் தீபாவளி. ராசிங்காபுரத்து மாப்பிள்ளை வந்திருப்பார். இருவரையும் மணையில் உட்காரவைத்து உச்சந்தலையில் எண்ணெய் வைக்க வேண்டியவள், ஜப்பான் தேசத்தில் ஒரு பழைய வெந்நீர் ஊற்று விடுதியில், துரைசாணியின் குழந்தை விழித்துவிடாதபடி காகிதக் கதவை மெல்ல நகர்த்தி வெளியே வந்தாள்.

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்த துரையின் வீட்டில் அவள் ஆயா. மலை ஈரத்தில் முடங்கிப்போன துரைசாணியின் முழங்கால்களுக்கு இந்த ஊற்று நல்லது என்று யாரோ வைத்தியர் சொல்ல, துரை குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். குழந்தை வேறு யாரிடமும் போகாது. மார்கழிக்குள் ஊர் திரும்பிவிடலாம் என்று துரைசாணி சொன்ன சொல்லை நம்பித்தான் மூக்கம்மாளும் புறப்பட்டாள். அப்போதே மகள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிள்ளை, பேறுகாலத்துக்குத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் பினாங்குத் துறையில் பார்த்த ஆயாவின் முகமும் கூடவே வந்தது. ஏதோ கோபத்தில் எஜமானி அவளை அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விட்டாளாம். வருகிற கப்பலிலெல்லாம் ஏறி, பிள்ளை தூக்க ஆள் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள் அவள்.

விடுதி முழுக்க மரம். தலைமுறை தலைமுறையாகக் கால்கள் தேய்த்து வழவழப்பான தாழ்வாரம். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடும் வழக்கம் வந்த அன்றே அவள் மனசுக்குப் பிடித்துப்போயிற்று. இவர்களும் வீட்டைக் கோயில்போல வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். தோட்டத்துக் கால்வாயிலிருந்தும் பாறை இடுக்கிலிருந்தும் ஆவி எழுந்து, ஆடி மாதத்து ஏலக்காட்டில் மூடுபனி இறங்குவதுபோல எல்லாவற்றையும் மறைத்தது. அதற்குள் எங்கோ ரயில் ஒரு தடவை கூவி அடங்கியது. தான் விழித்திருக்கிறோமா, குரங்கணி மலையில் தன் படுக்கையை மறைத்த சாக்குப் படுதாவுக்குப் பின்னால் உறங்கிக்கொண்டிருக்கிறோமா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

குளியலறையின் நடுவில் பெரிய மரத்தொட்டி. பாறையிலிருந்து மூங்கில் குழாய் வழியாக வெந்நீர் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. விறகும் இல்லை, அடுப்பும் இல்லை. தீபாவளியன்று வெந்நீரில் கங்கை வந்து இறங்குகிறாள் என்பார்கள். இங்கே பூமியே காய்ச்சித் தருகிறதே, இதில் வராமலா போவாள்? மகளுடைய தலைத் தீபாவளியில் பெற்றவள் எண்ணெய் முழுக்கை விட்டால் அது மகளுக்கு ஆகுமா? டிரங்குப் பெட்டியின் அடியில் அவள் பொத்திக் கொண்டுவந்த நல்லெண்ணெயைத் தலை நிறைய வைத்தாள். கையிலும் காலிலும் தேய்த்தாள். மாராப்புச் சேலையோடு கும்பிட்டுக்கொண்டே தொட்டிக்குள் இறங்கி, செல்லக்கிளியின் பேர் சொல்லி மூன்று முழுக்குப் போட்டாள்.

எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, மயில்கழுத்து நிறத்தில் எண்ணெய் தொட்டி முழுக்கப் படர்ந்திருந்தது.

வாசலில் கினு நின்றாள். குளியலறையைப் பார்த்துக்கொள்கிறவள், மூக்கம்மாள் வயதுதான் இருக்கும். இத்தனை நாளும் மூக்கம்மாள் கொல்லைப்புறத்தில் வாளித் தண்ணீரில்தான் குளித்துவந்தாள். வெளியே உட்கார்ந்து உடம்பைச் சுத்தமாகக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும் என்பதும், தொட்டி நீர் எல்லோருக்கும் பொது என்பதும், கினு தண்ணீரைப் பார்த்த பார்வையில்தான் அவளுக்குப் புரிந்தது. விடிந்ததும் துரைசாணி முழங்கால் நனைக்க வருவாள். மூக்கம்மாள் நெஞ்சுவரை நீரில் நின்றபடி கை கூப்பினாள்.

கினு அவள் கையைப் பிடித்து மேலே ஏற்றி, சின்ன முக்காலியில் உட்காரவைத்து, ஒரு பையில் கட்டிய தவிட்டால் அவள் முதுகைத் தேய்த்தாள். தலையில் வெந்நீர் ஊற்றினாள். மூக்கம்மாளுக்குத் தன் ஆத்தா ஊற்றிவிட்ட நினைவு வந்தது. பிறகு ஒரு துணியைப் போர்த்தி, முதுகில் தட்டி, உள்ளே போகச் சொல்லிச் சைகை காட்டினாள். திரும்பிப் பார்த்தபோது கினு தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் சமையல்காரன் ராக்கையா தாழ்வாரத்தில் அவளைத் தேடிக்கொண்டு வந்தான். தேவாரம் ஊர்க்காரன், துரையோடு வந்த இன்னொரு ஊர் முகம். துரைசாணி குளிக்கப் போனால் தொட்டி காலி என்றும், காத்திருந்து காத்திருந்து கோபத்தோடு அறைக்குத் திரும்பிவிட்டாள் என்றும், விடுதிக்காரர் கினுவைக் கூப்பிட்டு விசாரித்தார் என்றும் சொன்னான். விளக்கு எண்ணெயைத் தானே தவறவிட்டதாகக் கினு சொல்லிவிட்டாளாம். இங்கிலீஷ் தெரிந்த விடுதிக் கணக்குப்பிள்ளை அதைத் துரையிடம் சொன்னதை இவன் கேட்டிருக்கிறான்.

"வையிறதயாவது சத்தமா வையிறாகளா? எங்கூர்ல ஆன வந்து சோளத்த மிதிச்சா ஊரே கத்தும். இவுக குனிஞ்சு குனிஞ்சே வையிறாக. அந்தப் பொம்பளையும் குனிஞ்சே வாங்கிக்கிருச்சு. நாளையிலருந்து குளிப்பறைப் பக்கம் வரக்கூடாதாம்" என்றான். பிறகு மூக்கை உறிஞ்சினான். "வெளக்கெண்ண வாடையா இது? நல்லெண்ண வாடை எனக்குத் தெரியாதாக்கா?"

மூக்கம்மாள் தலை குனிந்தாள்.

"தீவாளி கொண்டாட நல்ல எடம் பாத்த போ. இந்தா பாரு, வாயத் தெறக்காத. கப்பலேறுற வரைக்கும் தெறக்காத. பினாங்குல பாத்தேல்ல?"

"பாத்தேன் தம்பி."

"ஒம் மக மாசமா இருக்கா, மறந்துராதக்கா."

"அதுக்குத்தேன் தொரசாணிகிட்டச் சொல்லப்போறேன்" என்றாள் மூக்கம்மாள். "அவ பேரச் சொல்லித்தான முங்குனேன். ஒருத்தி சோத்துல மண்ணப் போட்டுட்டு அந்தப் புண்ணியம் எம்மகளுக்குப் போயிச் சேருமா?"

ராக்கையா தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டான்.

துரைசாணி சன்னலோரம் முழங்காலில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். மலையில் இருந்த வருஷங்களில் தமிழ் நன்றாகவே பழகியிருந்தாள். மூக்கம்மாள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: பிறையை, மகளை, எண்ணெயை, கினுவை. சொல்லும்போது குழந்தை அவள் காலைக் கட்டிக்கொண்டு புடவையை இழுத்தது. தூக்கக் கை போயிற்று, அடக்கிக்கொண்டாள்.

"எம்மேல தப்பும்மா. அந்தப் பொம்பள எண்ணெயத் தொடக்கூட இல்ல. அவ சோலியக் கெடுத்துராதீக."

துரைசாணி கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே பார்த்தாள். கீழே ரயிலடியில் ஒரு வண்டி புகை கக்கி நின்றது. பிறகு, கினுவின் வேலையைப் பற்றி விடுதிக்காரரிடம் துரை இப்போதே பேசுவார் என்றும், மூக்கம்மாளைப் பற்றிச் சாயங்காலம் முடிவு சொல்வதாகவும் சொன்னாள். குரலில் இருந்தது கோபமா வேறு ஏதாவதா என்று மூக்கம்மாளால் கண்டுகொள்ள முடியவில்லை.

சாயங்காலம் வரை உட்கார்ந்து சாமியை வேண்டிக்கொண்டிருக்கலாம். அவள் படியிறங்கினாள். குளியலறையில், காலித் தொட்டிக்குள் கினு மண்டியிட்டு, மரத்தில் ஒட்டிய எண்ணெய் வளையத்தை வைக்கோல் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். துரை பேசியதை யாரோ வந்து சொல்லியிருக்க வேண்டும். தலை நிமிர்ந்து மூக்கம்மாளைப் பார்த்தவள், இருந்த இடத்திலிருந்தே நெற்றி தாழ்த்தினாள். மூக்கம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூலையிலிருந்த இன்னொரு பிரஷை எடுத்து உள்ளே இறங்கினாள். எண்ணெய் வளையம் மங்கியதும் கினு அடைப்பைச் செருகி, விலக்கி வைத்திருந்த மூங்கில் குழாயைத் தொட்டிக்குள் திருப்பிவிட்டாள். ஆவி எழுந்து இருவருக்கும் நடுவே நிறைந்தது. முகம் தெரியவில்லை. ஒருத்தி தேய்க்கும் சத்தத்துக்கு மற்றவள் தேய்க்கும் சத்தம் பதில் சொல்லிக்கொண்டிருக்க, புது நீர் இளஞ்சூட்டோடு வந்து அவர்கள் கால்விரல்களைத் தொட்டு, கணுக்காலுக்கு ஏறியது.