நகப்பூச்சு

காலை ஆறேகாலுக்கு அந்தக் கம்பெனியின் பின்பக்கக் கேட்டில் முப்பது பெண்கள் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு வரிசையாக நகர்ந்தார்கள். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் வரும் கம்பெனி. வெட்டின காய்கறியும் உரித்த பூண்டும் அங்கே பாக்கெட் ஆகி, செல்போனில் ஆர்டர் போடுகிறவர்கள் வீட்டுக்குப் போகும். வரிசையின் முனையில் ஸ்ரீநாத் டார்ச்சோடு நின்றான். கும்பகோணத்துப் பையன், சுகாதாரம் பார்க்கிற சூப்பர்வைசர். உள்ளங்கை, புறங்கை, பத்து நகம் என்று ஒவ்வொருத்தியாகத் திருப்பிப் பார்த்து உள்ளே அனுப்பினான்.

வசந்தகுமாரி வலது கட்டைவிரலை மட்டும் கொஞ்சம் மடக்கி வைத்திருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம் அது என்று அவளுக்கே தெரியும். டார்ச் வெளிச்சம் வந்து அந்த விரலில்தான் நின்றது. நகத்தின் ஓரம் சிவந்து உப்பி, மூலையில் மஞ்சளாகச் சீழ் கட்டியிருந்தது.

"அக்கா, இதோட உள்ள விட்டா என் வேலை போயிடும்" என்றான் ஸ்ரீநாத்.

"உள்ள கீற தண்ணியிலதான் சார் வந்துச்சு இது."

"தெரியும்கா" என்றான். தெரிந்துதான் நோட்டில் எழுதினான்.

கையில் புண் இருந்தால் திருப்பி அனுப்புவதற்கு அங்கே 'கை ரிஜெக்ட்' என்று பெயர். அன்றைய சம்பளம் கிடையாது. ஒரே மாதத்தில் மூன்று முறை ஆனால் காண்ட்ராக்டர் எத்திராஜ் பெயரையே அடித்துவிடுவார். மூன்றாம் தேதி ஒன்று ஆகியிருந்தது. இது எட்டாம் தேதி, இரண்டாவது.

பூண்டு மேசையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். தோல் இளக வேண்டுமென்று பூண்டை பிளீச்சிங் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டிருப்பார்கள். எட்டு மணி நேரம் அதில் கையை விட்டு எடுத்தபடி உரிக்க வேண்டும். உரிக்கிறவளுக்கு நகம்தான் கத்தி. கொடுக்கிற மெல்லிசு கையுறையை அந்த நகமே ஒரு மணி நேரத்தில் கிழித்துவிடும். அப்புறம் நகத்தைச் சுற்றியிருக்கிற தோல் வெளுத்து, வெடித்து, உள்ளே பூண்டுச் சாறு இறங்கும்.

காலியான ரயிலில் திருநின்றவூருக்குத் திரும்பும்போது வசந்தகுமாரியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அண்ணனூரில் எழுந்து கதவோரம் போனாள், ஆவடியில் வந்து உட்கார்ந்தாள், பட்டாபிராமில் மறுபடி எழுந்தாள். அவளுக்கு நாற்பத்தொரு வயது. அந்தத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் துணி தைக்கிற கம்பெனியெல்லாம் முப்பத்தைந்துக்கு மேல் எடுப்பதில்லை. புருஷன் ஏகாம்பரம் லேத் பட்டறை மூடியதிலிருந்து ஆவடியில் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேனாக இருந்தான். அந்தச் சம்பளம் வாடகைக்கே இழுத்துப் பிடிக்கும். மகள் பவ்யா நர்ஸிங் இரண்டாம் வருடம். இந்த வேலை போனால் அந்தப் பெண் படிப்பை விட்டுவிட்டு இதே மாதிரி ஒரு கேட்டில் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நினைப்புதான் அவளை உட்கார விடவில்லை.

மருந்துக்கடைக் களிம்பு இரண்டு டியூப் தீர்ந்திருந்தது. போன முறை எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் சொருகிக்கொண்டு ரயிலேறினாள். லேடீஸ் பெட்டியே சிரித்தது. எல்லாம் சரியாகும்போல இருக்கும், மறுநாள் அந்தத் தண்ணீரில் கை பட்டதும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

ஏரிக்குப் போகிற வழியில் யாரோ வாங்கிப்போட்டு வீடு கட்டாமல் விட்ட மனை ஒன்று இருந்தது. அதன் வேலி ஓரம் மருதாணி புதராக மண்டிக் கிடந்தது. இறங்கினவள் வீட்டுக்குப் போகாமல் அங்கே போய் முந்தானை நிறைய உருவிக்கொண்டு வந்தாள். இலையை அலசி, நிழலில் ஈரம் உலர்த்தி, எலுமிச்சைச் சாறு விட்டு மிக்ஸியில் விழுதாக அரைத்தாள். தேங்காய் எண்ணெய் இரண்டு பங்கு, நல்லெண்ணெய் ஒரு பங்கு, பிசுபிசுப்புக்குக் கொஞ்சம் விளக்கெண்ணெய். அடுப்பில் நேராக வைக்கவில்லை, வைத்தால் இலை தீய்ந்துவிடும். கொதிக்கிற தண்ணீரின் மேல் கிண்ணத்தை வைத்து, எண்ணெய் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் விழுதைக் கரைத்தாள்.

மஞ்சள் டப்பாவை எடுத்தவள் மறுபடி மூடி வைத்தாள். மஞ்சள் கறை பிடிக்கும், கம்பெனியில் வம்பு. கை கழுவுகிற இடத்துச் சுவரில் போர்டே மாட்டியிருந்தார்கள்: நகப்பூச்சு, மோதிரம், வளையல் அணிந்து வரக் கூடாது. மருதாணியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. போன ஆடியில் பாதிப் பேர் மருதாணிக் கையோடு வந்தபோது யாரும் வாயைத் திறக்கவும் இல்லை. பார்க்கப்போனால் மருதாணி மருந்துதானே.

வடிகட்டினால் சத்துப் போய்விடும் என்று மண்டியோடேயே ஒரு பழைய இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றினாள். அடியில் தங்கினதை வழித்து, கட்டைவிரலில் வைத்துத் துணி சுற்றிக்கொண்டாள். டியூட்டி முடிந்து வந்து படுத்திருந்த ஏகாம்பரம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். இன்னா, கல்யாணப் பொண்ணாட்டம் கீற என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று கேட் பக்கம் போகாமல் லீவு போட்டாள், மூன்றாம் நாள் சீழ் உடைந்து வடிந்தது. வாரம் முடிவதற்குள் வீக்கம் வற்றிவிட்டது. எண்ணெய் ஏறின தோலில் தண்ணீர் அவ்வளவு சுலபமாக ஊறவில்லை, வெடிப்பும் மூடியது. பூண்டு மேசையில் பக்கத்து இருக்கை எழிலரசி, கோவில்பதாகைக்காரி, முதலில் கிண்டல் செய்தாள், அப்புறம் கையை நீட்டினாள். நாலைந்து நாளில் சாயங்கால ரயிலில் அந்தச் சின்ன பாட்டில் கை மாறிக்கொண்டே போனது. ஆளாளுக்கு நகத்தைச் சுற்றி ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தார்கள், மண்டியைக் கிள்ளி நகத்தின் மேல் அப்பிக்கொண்டார்கள். வசந்தகுமாரி இரண்டாம் தடவை காய்ச்சினாள், மூன்றாம் தடவையும் காய்ச்சினாள். பூண்டு மேசையில் பத்துப் பேருக்கும் நகம் செக்கச்செவேலென்று ஆகியிருந்தது. அதற்கப்புறம் அந்த மேசையில் ஒரு கை ரிஜெக்ட் இல்லை.

ஸ்ரீநாத்துக்கும் சந்தோஷம்தான், தினம் ஆள் குறைகிறது என்று அவனைத்தான் திட்டுவார்கள். எங்க அம்மாவுக்கும் இதே தொல்லை இருக்குக்கா என்று கேட்டு ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டான். அவள் காசு வாங்கவில்லை. அப்படியும் தேதி இருபத்தேழு ஆகியும் அவளுக்கு நிம்மதி இல்லை. காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாகப் பத்து விரலையும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பாள். இன்னும் மூன்று நாள் தாண்டினால் மாதம் முடியும், இரண்டு ரிஜெக்ட்டும் அழிந்துபோகும்.

இருபத்தேழாம் தேதி ஆடிட். பாக்கெட்டை மொத்தமாக வாங்குகிற பெரிய கடையிலிருந்து ஒரு அம்மாள் வெள்ளைக் கோட்டும் தலையில் வலைத்தொப்பியுமாக வந்திருந்தாள். கேட்டில் அன்று டார்ச் அவள் கையில் இருந்தது. எழிலரசியின் கையைப் பார்த்தாள், அடுத்தவள் கையைப் பார்த்தாள், அதற்கடுத்தவள் கையையும் பார்த்துவிட்டு நிமிர்ந்து இங்கிலீஷில் என்னவோ கேட்டாள். ஸ்ரீநாத் மருதாணி எண்ணெய் என்று அவளிடம் சொல்லிவிட்டு வரிசையைப் பார்த்து, இந்த எண்ணெயை யார் செய்தது என்று மேடம் கேட்கிறார்கள் என்றான்.

வசந்தகுமாரிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. செய்முறை கேட்கிறாள் என்றே நினைத்தாள். வரிசையை விட்டு ஓரடி முன்னால் வந்து, நான்தான் மேடம் என்றாள். இலை பறித்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். எத்தனை பங்கு, எவ்வளவு சூடு, வடிகட்டாமல் விட்டது எல்லாம் சொன்னாள். விரலை விரித்து, சீழ் இருந்த இடத்தைக் காட்டினாள். அங்கே இப்போது நல்ல தோல் இருந்தது, நகம் வெடிப்பில்லாமல் பளபளவென்று இருந்தது. பின்னாலிருந்து எழிலரசி அவள் புடவையைப் பிடித்து இழுத்ததை அவள் கவனிக்கவே இல்லை.

அந்த அம்மாள் தாளில் ஒரு கட்டத்தில் பேனாவால் குறித்தாள். ஸ்ரீநாத் கீழே பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நகத்துல பூசுனது நகப்பூச்சுக்கா. ரூல்ல இருக்கு."

"அது பாலிசு இல்ல சார், மருந்து. உங்க அம்மாவுக்குக் குட்த்தனே, அதே எண்ணெ."

அந்த அம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள், அவன் காது சிவந்துபோனது.

மருதாணிச் சிவப்பு கழுவினால் போகாது, நகம் வளர்ந்து வெட்ட வெட்டத்தான் போகும், நாலைந்து மாதம் ஆகும். எத்திராஜுக்கு ஆள் அனுப்பினார்கள், பைக்கில் வந்து இறங்கினார். பத்துப் பேரையும் அனுப்பிவிட்டால் அன்றைக்குப் பூண்டு லோடு போகாது. அவர் ஆபீஸுக்குள் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஒன்பது பேருக்கு இரட்டைக் கையுறை போட்டு உள்ளே அனுப்பினார்கள். ஆடிட் தாளில் எழுத ஒரு பெயர் வேண்டியிருந்தது, அந்தப் பெயர் தானாகவே முன்னால் வந்து நின்றிருந்தது. எழிலரசி உள்ளே போகும்போது யக்கா என்று மட்டும் சொன்னாள், நிற்கவில்லை. நின்றால் அவள் பெயரும் போகும். வசந்தகுமாரிக்கு அவள் மேல் கோபம் வரவில்லை.

"மூணு ஆயிடுச்சி வசந்தா. என் கையில இன்னா கீது?" என்றார் எத்திராஜ்.

அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் எஸ்டேட்டில் ஏறாத கேட் இல்லை. ஒரு இடத்தில் ஆதார் கார்டில் வயதைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள், இன்னொரு இடத்தில் கையைப் பார்த்தே. மகளிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. பவ்யா ஹாஸ்டலிலிருந்து போனில் ஃபீஸ் கேட்டபோது, சம்பளம் வரட்டும் என்று சொல்லிவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குத் தெருவில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. முன்னால் எத்திராஜ் உட்கார்ந்திருந்தார். டிரைவர் இரண்டு மூட்டைப் பூண்டை இறக்கி வாசலில் சாய்த்தான், பின்னாலேயே ஒரு பிளீச்சிங் பவுடர் பொட்டலமும் ஒரு கட்டு காலிக் கவரும். உள்ளே ஆள் பத்தவில்லை, ஊட்டுலேயே குந்திகினு உரி என்றார் எத்திராஜ். கிலோவுக்கு இவ்வளவு. தினச் சம்பளம் இல்லை, பி.எஃப். இல்லை, மூட்டையில் அழுகல் இருந்தால் அது அவள் பாடு. இந்தத் தெருவிலேயே இன்னும் நாலு ஊட்டுக்குப் போட்டிருப்பதாகவும் சொன்னார்.

"அப்போ இந்த நகம் பரவால்லியா அண்ணே?" என்று கேட்டாள்.

"இங்க யாரு வந்து பாக்கப் போறா? நாளைக்கு எட்டு மணிக்கு வண்டி வரும். கவர்ல போட்டு ரெடியா வை."

அவர் போனதும் சமையலறைக்கு வெளியே பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் பிடித்து, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, அரை மூட்டைப் பூண்டைக் கொட்டினாள். ஏகாம்பரம் தூங்கிக்கொண்டிருந்தான். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து கையை உள்ளே விட்டாள். மதியத்துக்குள் ஐந்து கிலோ உரிந்தது. தண்ணீரில் ஊறி விரல் நுனி வெளுத்துச் சுருங்கிவிட்டது, நகம் மட்டும் அதே சிவப்பில் இருந்தது. கவர் கட்டைப் பிரித்தாள். பளபளக்கிற கவர், கம்பெனி பெயர், ஒரு பச்சை இலைப் படம், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் 'கை படாமல் சுத்தம் செய்யப்பட்டது'. ஒட்டிக்கொண்டிருந்த கவரின் வாயைக் கட்டைவிரல் நகத்தால் பிரித்து, பூண்டைக் கை நிறைய அள்ளி உள்ளே போட்டாள்.