வெறுங்குழாயில் வந்தவள்

வெறுங்குழாயில் ஒன்றுமே இருக்கக் கூடாது. தடய அறிவியல் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரமே சொல்லித் தருகிற சங்கதி இது. ரத்தம், எச்சில் என்று மாதிரி போட்ட குழாய்களோடு, எந்த மாதிரியும் போடாமல் மருந்தை மட்டும் ஊற்றிய குழாய் ஒன்றையும் இயந்திரத்தில் வைக்க வேண்டும். அதில் டிஎன்ஏ தெரிந்துவிட்டால் போச்சு. மற்ற குழாய்கள் சொல்வதையும் எந்த நீதிபதியும் நம்பமாட்டார்.

யென் பெய்-ருவின் வெறுங்குழாயில் முழுசாக ஓர் ஆளே உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை செய்முறைத் தேர்வு. வியாழன் காலை தாவ்யுவான் கல்லூரி ஆய்வகத்தில் முடிவு திரையில் வந்தது. தட்டையாகக் கிடக்க வேண்டிய கோட்டில் ஊசி ஊசியாக முகடுகள். ஃபாங் டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போலீஸ் ஆய்வகத்தில் கோடைக்காலப் பயிற்சிக்கு வகுப்பிலிருந்து ஒரே ஓர் இடம். அதற்கு அவருடைய சிபாரிசுக் கடிதம் வேண்டும். வெறுங்குழாயைக் கெடுத்த பிள்ளைக்கு அவர் கடிதம் எழுதியதாகச் சரித்திரமே இல்லை. விண்ணப்பிக்க வெள்ளி மாலை கடைசி. பெய்-ரு இந்தக் கல்லூரியில் சேர்ந்ததே அந்த ஓர் இடத்துக்காகத்தான்.

"என்ன பெய்-ரு, காலிக் குழாய்ல யாரைக் குடி வச்சிருக்க?"

"நான் இல்ல டீச்சர்."

"எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க."

"பட்டியல்ல பாத்துடலாம் டீச்சர்."

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தேய்த்து எடுத்த முப்பத்தொரு மாணவர்களின் டிஎன்ஏவும் அந்தப் பட்டியலில் இருந்தது. பெய்-ரு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். முப்பத்தொன்றில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. வந்திருப்பது ஒரு பெண் என்று மட்டும் தெரிந்தது. தன் கை சுத்தம் என்று பெய்-ருவுக்குத் தெம்பு வந்தது. தெம்பு அவளுக்கு எப்போதுமே கொஞ்சம் கூடுதல்தான்.

மதியம் சாப்பாட்டுப் பெட்டியைப் பிரித்தபடி பக்கத்து மேசை குவான்-திங்கிடம் சொன்னாள். "வகுப்புல இல்லாத பொம்பள. ஆனா ஆய்வகத்துக்குள்ள வந்தவ. யாருடா?"

"பேயா இருக்கும்."

"பேய்க்கு செல் ஏதுடா? வேற சொல்லு."

குவான்-திங் முட்டையைக் கடித்துக்கொண்டே மேலே பார்த்தான். "டீச்சர் ஒருத்தங்கதான் பாக்கி. ஆனா அவங்க குழாயைத் தொடவே இல்லையே. நேத்து காலையில பொட்டலத்தை மாத்தினாங்க, அவ்வளவுதான்."

பச்சைப் பொட்டலம். டிஎன்ஏவைப் பெருக்கும் இயந்திரத்தின் தலைமேல் எப்போதும் ஒரு தேங்காய்ச் சுவைச் சோளப்பொரிப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். அது இருந்தால் இயந்திரம் மக்கர் பண்ணாது என்பது அந்த ஊர் நம்பிக்கை. பச்சையாகத்தான் இருக்க வேண்டும், பிரிக்கக் கூடாது, தேதி தாண்டக் கூடாது. மூலக்கூறு உயிரியலைக் கரைத்துக் குடித்த ஃபாங் டீச்சரும் தேதி முடிவதற்கு முந்தின நாளே புதுப் பொட்டலம் வாங்கி வந்துவிடுவார். தேர்வு நாளில் இயந்திரம் நின்றால் யார் பதில் சொல்வது?

"வெறும் கையால வச்சாங்களா?"

"ஆமா. ஆனா மேல்தோல் செத்த செல்லுதானே. அதுல நியூக்ளியஸே கிடையாது. அவ்வளவு டிஎன்ஏ எங்கேருந்து வரும்? பாடத்தைப் படி."

பெய்-ரு சாப்பிடுவதை நிறுத்தினாள். டீச்சர் பொட்டலத்தின்மேல் 'தேர்வு முடியும்வரை நல்லபடியாக ஓடு' என்று பேனாவால் எழுதியது ஞாபகம் வந்தது. எழுதும்போது பேனா மூடி எங்கே இருந்தது? பல்லிடுக்கில். மூடியைக் கையில் எடுத்து மாட்டி, அதே ஈரவிரலால் பொட்டலத்தைத் தட்டிக்கொடுத்து வைத்தார். எச்சிலில் கன்னத்து செல்கள் மிதக்கும். அவை ஒவ்வொன்றிலும் நியூக்ளியஸ் உண்டு.

அவள் அதைச் சொன்னதும், "அய்யோ," என்றான் குவான்-திங். "போய் டீச்சர்கிட்டயே கேக்கப் போறியா? உனக்கென்ன பைத்தியமா?"

கேட்டாள். பஞ்சுக்குச்சியை இரண்டு கையாலும் நீட்டி, தலை குனிந்து, "டீச்சர், உங்க கன்னத்துல கொஞ்சம் தேய்ச்சுத் தருவீங்களா?" என்றாள்.

ஃபாங் டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பதினெட்டு வருஷத்துல எங்கிட்ட யாரும் இதைக் கேட்டதில்ல." குச்சியை வாங்கி வாயைத் திறந்தார்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு கோடுகளையும் திரையில் மேலும் கீழுமாக வைத்தார்கள். முகட்டுக்கு முகடு பொருந்தி நின்றது. டீச்சரின் முகம் சிவந்தது. "சரி. தப்பு என்னோடது. உன் மார்க்குல கைவைக்கமாட்டேன். கடிதமும் தர்றேன்."

பெய்-ரு ஜெயித்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டு கடிதத்தை வாங்கினால் போதும். ஆனால் நேற்று மாலையிலிருந்தே ஒரு கேள்வி அவளைக் குடைந்துகொண்டிருந்தது. பொட்டலம் இயந்திரத்தின்மேல், குழாய் மேசைமேல். எச்சில் நடந்தா வந்தது?

"டீச்சர்," என்றாள். குவான்-திங் அவள் காலை மிதித்தான். "கொண்டுபோனது நான். இயந்திரத்தைச் சூடாக்க மூடியைத் திறந்தப்ப பொட்டலத்தை நகத்தி வச்சேன். அப்புறம் கிளவுஸ் மாத்தாமலே வெறுங்குழாயை மூடினேன். அதைத்தான் கடைசியா மூடினேன். அதான் மத்த குழாய்ல ஒண்ணும் வரல."

டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"வேற யாரும் பாக்கலையே?"

"நான் பாத்தேனே டீச்சர்."

ஃபாங் டீச்சர் மதிப்பெண் தாளை இழுத்துப் பூஜ்யம் போட்டார். குவான்-திங் தலையில் கைவைத்துக்கொண்டான். பிறகு அவர் பிழைப் பதிவேட்டைத் திறந்து நிதானமாக எழுதினார். தன் பெயரை டிஎன்ஏ பட்டியலில் முப்பத்திரண்டாவதாகச் சேர்த்தார். பதிவேட்டுப் பக்கத்தை நகலெடுத்து, முத்திரை குத்தி, உறையில் போட்டு நீட்டினார்.

"கடிதம் இதுதான். அஞ்சு மணிக்குள்ள குடுத்துடு."

வாசலுக்கு வந்து பெய்-ரு பிரித்துப் பார்த்தாள். மூன்றே வரி.

'டிஎன்ஏ யாருடையது: ஃபாங் ஷு-லான். குழாய்க்குக் கொண்டுபோனவர்: யென் பெய்-ரு. இரண்டையும் கண்டுபிடித்துச் சொன்னவர்: யென் பெய்-ரு.'