லசிசிக்கு ஒரு ஜோடி

லசிசியின் வாய்க்கு ஓஜே தெருவில் ஈடு கிடையாது. நாலு மாதம் முன்புவரை அப்படித்தான் இருந்தது. முப்பது வருஷம் லாரியில் பெருவள்ளிக் கிழங்கு ஏற்றி இபாதான் நகரச் சந்தையில் இறக்கிய மனுஷர். சாயங்காலம் வண்டியை நிறுத்தினாரானால் நேரே ஒடான் மரத்தடிக்கு வந்து ஆயோ பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். பல்லாங்குழி மாதிரி பன்னிரண்டு குழி, குழிக்கு நாலு கழற்சிக்காய், எதிரே பங்சர் கடை கசாலி. ஆயோவில் காய் ஓட்டுவது பாதிதான், மீதி வாய். எதிராளியை வையாமல் ஆடினால் அந்தத் தெருவில் அதை ஆட்டக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள்.

கசாலியின் காயை வெட்டும்போதெல்லாம் லசிசி சொல்லுகிற வசனம் ஒன்று உண்டு. "ஏ கத்துக்குட்டி! உனக்குக் காத்து இறங்கிப்போச்சு. போய் உன் பம்பை எடுத்து உனக்கே அடிச்சுக்கோ!" இருபது வருஷமாக இதே வசனம்தான். கூட்டமும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிக்கும்.

அப்புறம் ஒருநாள் காலையில் குளித்துக்கொண்டிருந்தவரின் வலது கையிலிருந்து சோப்பு நழுவியது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது கால் ஓரளவு தேறியிருந்தது. வலது கையும் நாக்கும்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தண்ணீர் கேட்க நினைத்தால் "சாவி" என்று வந்தது. மனைவி ராலியத்தைக் கூப்பிட்டால் அதுவும் "சாவி"தான். "வேண்டாம்", "சரி" என்று இன்னும் நாலைந்து சொற்கள் மிஞ்சியிருந்தன. அவ்வளவுதான் கையிருப்பு.

ஜன்னலைத் திறந்தால் மரத்தடி தெரியும். லசிசி பார்ப்பார், போகமாட்டார். வாய் இல்லாமல் எப்படி ஆடுவது? அதோடு இடது கை. பெரிய மனுஷன் முன்னால் இடது கையை நீட்டுவது அவரை அவமானப்படுத்துவதற்குச் சமம், பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த மரியாதை அது. இதையெல்லாம்விட அவரை அதிகம் அரித்தது இன்னொன்று. இந்த நாலு மாதத்தில் கசாலி ஒரு தடவைகூட வீட்டுப் படி ஏறவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நர்ஸ் அபிதேமி வந்தாள். பக்கவாத ஆராய்ச்சியில் லசிசியின் பெயரை ஆஸ்பத்திரியிலேயே எழுதிக்கொண்டவள் அவள்தான். வாடகை மோட்டார் சைக்கிளிலிருந்து பையோடு இறங்கி, முழங்காலை மடித்து வணங்கிவிட்டு உட்கார்ந்தாள்.

"பாபா, உங்க ரத்தம், உங்க சாப்பாட்டுக் கணக்கு, உங்க மூளைப் படம் எல்லாம் எங்ககிட்ட இருக்கு. ஆனா உங்க ஃபைல் இன்னும் ஒத்தக் கால்ல நிக்குது. உங்களுக்கு ஒரு ஜோடி வேணும்."

"ஜோடியா?" என்று உள்ளேயிருந்து ஓடி வந்தாள் ராலியத். "இருக்கிற ஒருத்தி போதாதாமா?"

அபிதேமி சிரித்துவிட்டாள். "ஐயோ அம்மா, அந்த ஜோடி இல்ல! இதே தெரு, இதே வயசு, ஆம்பளை. ஆனா பக்கவாதம் வராத ஆளு. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாத்தானே ஒருத்தருக்கு ஏன் வந்துச்சு, இன்னொருத்தருக்கு ஏன் வரலைன்னு தெரியும்? நம்ம கறுப்பு இன ஆட்களுக்கு இது ஏன் இவ்வளவு சீக்கிரம் வருது? இங்க இருக்கிறவங்களுக்கும் வருது, அந்தக் காலத்துல அடிமையாக் கப்பல்ல ஏத்தி அக்கரைக்குக் கொண்டுபோன நம்ம சனங்களோட பேரப்பிள்ளைகளுக்கும் வருது. அடுத்தவன் ரத்தத்தைப் படிச்சு எழுதின புஸ்தகம் நிறைய இருக்கு பாபா. நம்ம ரத்தத்தை நாமதானே படிக்கணும்? வெள்ளிக்கிழமையோட ஆள் சேக்குறது முடியுது. ஜோடி கிடைக்கலைன்னா உங்க ஃபைலை எடுத்து ஓரமா வச்சிருவாங்க."

"அந்த வயசுல இந்தத் தெருவுல ஒருத்தன்தான் இருக்கான்" என்றாள் ராலியத். "கசாலி."

"வேண்டாம்" என்றார் லசிசி. மிஞ்சிய சொற்களில் அதுதான் நன்றாக வரும்.

ராலியத் அதைக் காதில் போட்டுக்கொண்டால்தானே? இடுப்புத் துணியை இறுக்கிச் செருகிக்கொண்டு தெருவைக் கடந்தாள். நர்ஸ் பின்னாலேயே ஓடினாள். லசிசி ஜன்னலோரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான் மாட்டேன்" என்று கசாலியின் குரல் மரத்தடியிலிருந்து வந்தது. "வியாதிக்காரனோட என் பேரைச் சேத்து எழுதினா, வியாதி அந்த வழியிலேயே நடந்து என் வீட்டுக்கு வரும்."

"வரட்டுமே! வந்தா அதாவது உன் வீட்டுப் படி ஏறுன மாதிரி இருக்கும். நீதான் எங்க வீட்டுப் படி ஏறக் காணோம்!" என்றாள் ராலியத். "நாலு மாசம் ஆச்சு கசாலி. நடு ரோட்ல லாரி நின்னாகூட இறங்கி என்னன்னு கேப்பாங்க."

அப்புறம் கசாலியின் குரல் கொஞ்சம் தாழ்ந்து வந்தது. "வந்து என்னத்தப் பாக்க? அவன் என்னைத் திட்டாம உக்காந்திருக்கிறதைப் பாக்கவா? என்னால முடியாதும்மா." உடனே பழைய வீம்பு திரும்பிவிட்டது. "அவன் வந்து பலகைக்கு முன்னாடி உக்காரட்டும். நானும் இந்த நர்ஸுக்குக் கையை நீட்டுறேன். போ, போய்ச் சொல்லு."

சொல்லத் தேவை இருக்கவில்லை. லசிசி எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

புதன்கிழமை முழுக்க அவர் யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. போனால் தெருவே பார்க்க ஊமையாக உட்கார வேண்டும், இடது கையால் காய் ஓட்ட வேண்டும். போகாவிட்டால் ஃபைல் ஓரமாகப் போய்விடும். கூடவே அந்த மரத்தடியும் போய்விடும், இனி எப்போதைக்குமாக. வியாழக்கிழமை நாலு மணிக்குத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார், கோலை ஊன்றினார், தெருவைக் கடந்தார். ராலியத் பின்னாலேயே போனாள்.

அபிதேமி ஸ்டூலில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு காத்திருந்தாள். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். கசாலி காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, லசிசியைப் பார்க்காமல் காயை எண்ணிக் குழியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இடது கையைக் குடுங்க கசாலி பாபா, போதும்" என்றாள் அபிதேமி.

"வலது கையிலேயே கட்டு" என்றார் கசாலி.

"நீங்க ஆடணும்ல?"

"கட்டுன்னு சொன்னா கட்டும்மா. சும்மா தொணதொணன்னு..."

அவள் வலது கையில் பட்டையைச் சுற்றினாள். கசாலி இடது கையால் முதல் காயை ஓட்டினார். லசிசி அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் இடது கையை அவரும் பலகைக்குக் கொண்டுபோனார்.

இரண்டு பேரும் மாறி மாறி நாலு தடவை காய் ஓட்டியிருப்பார்கள்.

"இப்ப ஆட்டத்தை நிறுத்துங்க கசாலி பாபா" என்றாள் அபிதேமி. "அஞ்சு நிமிஷம் அசையாம, பேசாம இருக்கணும். அப்புறம்தான் காத்து அடிப்பேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "கசாலி பேசாமலா? அந்த ஆளு தூங்கும்போதே பாதி ஊர்க்கதை பேசுவாரே!"

"உஷ்!" என்றாள் நர்ஸ்.

கசாலி உதட்டை இறுக்கிக்கொண்டார். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று. முழி பிதுங்கியது. இப்போது காய் ஓட்டும் முறை லசிசியுடையது.

லசிசி பலகையைக் குனிந்து பார்த்தார். மூன்றாவது குழியில் ஏழு காய். எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை அவரைவிட்டுப் போகவில்லை, அது எப்போதும்போல் உள்ளேதான் இருந்தது. இடது கையால் அள்ளி, ஒவ்வொன்றாக, மெதுவாக விதைத்துக்கொண்டே போனார். எதிராளியின் குழியில் இரண்டோ மூன்றோ சேர்ந்தால் வெட்டு; கடைசிக் காய் விழுந்த இடத்தில் மூன்று. அதற்கு முந்தியதில் இரண்டு. அதற்கும் முந்தியதில் மூன்று. எட்டுக் காயையும் வழித்து மடியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். எதிரே கசாலி, வாழ்க்கையில் முதல்முறையாக வாயைக் கட்டிப்போட்ட கசாலி.

"ஏ கத்துக்குட்டி!"

யார் குரல் அது? லசிசியே திடுக்கிட்டார். ஆனால் வாய் நிற்கவில்லை, பழகின ரோட்டில் லாரி தானாக ஓடுவதுபோல் ஓடியது.

"உனக்குக் காத்து இறங்கிப்போச்சு. போய் உன் பம்பை எடுத்து உனக்கே அடிச்சுக்கோ!"

அவ்வளவுதான். கசாலி தன் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "பேசிட்டான்! டேய், என்னைத் திட்டிட்டான்டா!" என்று கத்தினார். பட்டையின் குழாய் அறுந்துவிடும்போல இழுபட்டது. ராலியத் தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். கூட்டம் கைதட்டியது. அபிதேமி மட்டும் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"பாபா! அஞ்சு நிமிஷம் போச்சு. திரும்ப முதல்லேருந்து!"

இரண்டாவது தடவை லசிசி பேசவில்லை, புருவத்தை மட்டும் உயர்த்தினார். கசாலி வெடித்துச் சிரித்தார். கடைசியில் நர்ஸ் லசிசியை அந்தப் பக்கம் பார்த்துத் திரும்பி உட்காரவைத்து, பலகையை ராலியத்தின் தலைத்துணியால் மூடி, கூட்டத்தை விரட்டிவிட்டுத்தான் காரியத்தை முடித்தாள். மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நூத்தித் தொண்ணூத்தாறு. கீழ நூத்திப் பத்து."

"கார் டயருக்கே முப்பத்திரண்டுதான் வைப்பேன்" என்றார் கசாலி. "இது ரொம்பவோ?"

"அந்தக் கணக்கு வேற பாபா. ஆனா டயர்ல அளவுக்கு மேல காத்து ஏறினா என்ன ஆகும், நீங்களே சொல்லுங்க."

கசாலி கையில் சுற்றியிருந்த பட்டையைக் குனிந்து பார்த்தார். "அப்ப நான் ஜோடிக்கு ஆகமாட்டேனா?" என்று கேட்டார்.

"ஏன் ஆகாம? பக்கவாதம் வராத ஆளுதானே கேட்டோம், நீங்கதான் ஜோடி. இனிமேலும் வராம பாத்துக்கணும். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி. உப்பைக் குறைக்கணும், கீரையைக் கூட்டணும். மாத்திரையை ஒருநாள்கூட விடக் கூடாது."

லசிசி திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வசனம் தானாக வந்துவிட்டது, இது அப்படி வரவில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"நானும்... சாவி... இல்ல... வரேன்" என்றார்.

"நீ வராம? வந்து என் கையைப் பிடிச்சுக்க, ஊசின்னா எனக்குப் பயம்" என்றார் கசாலி. தலைத்துணியை விலக்கிப் பலகையைத் தன் பக்கம் இழுத்தார். பட்டையைக் கழற்றியாகிவிட்டது. ஆனாலும் காயை அள்ளியது இடது கைதான். "எட்டுக் காயைத் திருடிட்டே. இப்ப பாரு."