காய்க்காத பூ

அண்ணன் தேவப்பிரியம் செத்துப்போனது எனக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறிலேயே தெரியும். மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தவனை, சண்டையின்போது ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட இழுத்துப்போனார்கள். அங்கே வாந்திபேதியில் போனான் என்று, கூட இருந்து தப்பி வந்தவர் ராயபுரம் வரை தேடி வந்து என்னிடம் சொன்னார். அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே ஆறு வருடம் ஓட்டிவிட்டேன்.

ஐம்பத்திரண்டில் துறைமுகத்துக்கு ஒரு ஜப்பான் கப்பல் வந்தது. நான் அங்கே சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன். கப்பல் ஆள் ஒருவன் சிரித்தபடி சிகரெட்டை நீட்டினான். "எங்கண்ணனைக் கொன்னவனுங்க" என்று கத்தித் தட்டிவிட்டேன். குமாஸ்தா ஆறுமுகநயினார் அதை அரைகுறை இங்கிலீஷில் அவனுக்குச் சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

மறுநாள் ஒரு படத்தோடு வந்தான். மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தது. ஆற்றங்கரையில் ஒரு மரம். வெளிர்ச்சிவப்புப் பூவெல்லாம் தண்ணீரில் உதிர்கிறது.

"இந்தப் பூ அவுங்க ஊர்ல சின்ன வயசுல செத்தவங்களுக்கு அடையாளமாம். உங்கண்ணனுக்காகக் குடுக்கறான், வாங்கிக்க நைனா" என்றார் குமாஸ்தா. "இந்த மரம் பூக்குமாம், காய்க்காதாம்."

இதைக் காட்டியே அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று வீட்டுக்குப் போனேன்.

அம்மா வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இன்னாடா, பூவெல்லாம் கொட்டிகினு கீது?"

அவள் முகத்தைப் பார்த்தேன். தைரியம் போய்விட்டது. "பூ கொட்டினாத்தானேம்மா காய் பிடிக்கும்? நம்ம முருங்கையில பாக்கலியா? அண்ணன் வந்துடுவான்னு அர்த்தமாம்."

மாதா படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டினாள்.

கல்லறைத் திருநாளுக்கு முன்பு கோயிலில் இறந்தவர்கள் பேரை எழுதிக்கொடுத்தால், பூசையில் வாசித்து வேண்டிக்கொள்வார்கள். அம்மா எங்கள் அப்பா பேரோடு, தெருவில் நாதியில்லாமல் செத்தவர்கள் பேரையும் விடமாட்டாள். ஒரு வருடம் பங்குச் சாமியார் மூத்தவனைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உசுரோட கீறவன் பேரை எதுக்கு சாமி எழுதணும்?" என்றாள் அம்மா.

பக்கத்தில்தான் நின்றேன். மரம்போல நின்றேன்.

போன தவக்காலத்தில் அம்மா போய்விட்டாள். முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு, "அவன் வந்தா படத்தைக் காட்டுடா. அம்மா தெனம் பாத்துகினுதான் இருந்தான்னு சொல்லு" என்றாள். அப்போதும் தலையைத்தான் ஆட்டினேன்.

இந்த நவம்பரில் அம்மா பேரையும் அண்ணன் பேரையும் எழுதிக்கொடுத்தேன். தேவப்பிரியம் பேரைக் கோயிலில் முதன்முறையாக வாசித்தார்கள். ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் முழங்காலில் நின்றவள், தான் பெற்றவனுடைய ஆன்மாவுக்கு மட்டும் ஒரு ஜெபம் சொல்லாமல் போனாள். நான்தான் சொல்லவிடவில்லை.