கண் திறக்காத துவாரபாலகர்

கும்பாபிஷேகத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது. தேயிலைத் தோட்டத்துக் கோயில் கோபுரத்தில் எல்லாச் சாமிகளுக்கும் கண் எழுதியாகிவிட்டது. வாசலுக்கு வலப்பக்கத்துத் துவாரபாலகர் மட்டும் வெறும் வெள்ளை முழியோடு நின்றார். கேட்டால் காளிமுத்து ஒரு நாள் மழை என்பான், மறுநாள் வர்ணம் காயவில்லை என்பான்.

வடிவம்மாளுக்குக் காரணம் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து சிலை வேலைக்கு வந்தவன் அவன். வேலை முடிந்தால் இந்த நாட்டில் தங்கும் பெர்மிட்டும் முடிந்தது. பத்து மாதமாக அவள் கையால்தான் அவனுக்குச் சோறு. கொழுந்து பறிக்கிற பவளத்தின் மேல் அவன் மனசு போனதும் அவள் கண்ணெதிரேதான்.

அன்று மத்தியானம் தூக்குச்சட்டியோடு சாரத்தடியில் நின்றாள்.

"இறங்குப்பா. அவருக்கு நீ கண்ணு வைக்கிறியா, நான் ஏறி மை தீட்டிவிடட்டுமா?"

சிரித்துக்கொண்டே இறங்கினான். பாதிச் சோற்றில் தலை நிமிராமல் சொன்னான்.

"நான் ஊருக்குப் போகலைக்கா. கியா பார்ம்ல ஒருத்தரு கோசுத் தோட்டத்துல வேலை தர்றேன்னாரு. பெர்மிட் கேக்க மாட்டாராம். பவளமும் வர்றேங்குது."

"போலீஸ் வந்தா கோசுக்குள்ள ஒளிஞ்சுக்குவியா? நாளைக்குப் பிள்ளை பொறந்தா எந்த ஆபீஸ்லப்பா போய்ப் பதிவு பண்ணுவ?"

சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டது வேறு. கோயில் செயலாளர் அவள் புருஷன் சாம்பசிவம். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. இவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அவர். இவன் ஓடினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தோட்டத்துத் துரை காதுக்குப் போனால் வேலையும் போகும், வீடும் போகும். அதை அவள் சொல்லவில்லை.

"ஒழுங்கா ஊருக்குப் போ. தை மாசம் மண்டப வேலை இருக்கு. எங்க வீட்டுக்காரரை மறுபடி பெர்மிட்டுக்கு எழுதச் சொல்றேன். முறையா வந்து தாலி கட்டு."

மண்டப வேலை என்று ஒன்று இல்லை. இனி வெளியாள் வேண்டாமென்று கோயில் கமிட்டியின் போன கூட்டத்திலேயே முடிவாகியிருந்தது.

காளிமுத்து அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சரிக்கா."

கை கழுவி மேலே ஏறினான். பொழுது சாய்வதற்குள் துவாரபாலகர் கண் திறந்துவிட்டார்.

கும்பாபிஷேகம் முடிந்ததும் காளிமுத்து ஊருக்குப் போனான். தை வந்தது, போனது. பவளம் தினமும் கூடையோடு அவள் வாசலைக் கடந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தாலாவது வடிவம்மாளுக்குச் சோறு இறங்கியிருக்கும். மாசியில் ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் வடிவம்மாளே பவளத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மண்டப வேலையே கிடையாதும்மா. நான் பொய் சொல்லி அனுப்பிட்டேன்."

"தெரியும்லா அத்தை. அவருக்கும் அன்னைக்கே தெரியும்."

"எப்படி?"

"மண்டபம் கட்டுறவங்க இன்னேரம் ஒரு லோரி கல்லாவது இறக்கியிருக்க மாட்டாங்களான்னாரு. அக்கா பயந்துட்டாங்க, சோறு போட்ட வீட்டுக்கு வம்பு வேணாம்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

"நீயாச்சும் என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்லணும்லா." பவளம் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சாயந்திரம் சாம்பசிவம் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. வடிவம்மாள் காகிதத்தையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். குழாயடியில் கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அந்தப் பையனுக்கு மறுபடி பெர்மிட் கேட்டு எழுதுங்க. கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவர் பேனா மூடியைத் திருகினார்.

"என்ன வேலைக்குன்னு எழுத?"

"துவாரபாலகர் கண்ணு சரியா அமையலைன்னு எழுதுங்க."

அந்தக் கண் எவ்வளவு சரியாக அமைந்திருக்கிறது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை. அதன் எதிரே நடக்கக் கூசி மாசக்கணக்காக அவள் பக்கவாசல் வழியாகத்தான் கோயிலுக்குள் போய்க்கொண்டிருந்தாள்.